ஞாயிற்றுக்கிழமைப் பெரியம்மா

"ஜெயில்ல இருக்கிறவங்களை வீட்டுக்கே கூப்பிடப் போறியா?" தாரிகா என் வயிற்றில் இருந்தபோது என் கணவர் தனபாலன் இப்படித்தான் கேட்டார்.

"ஆள் வராதுங்க. உருவம் மட்டும் வந்து உட்காரும். அங்க இருக்கிறவங்களுக்குப் பேச்சுத்துணைக்கு ஆள் கேட்டாங்க, பேர் கொடுத்துட்டேன்."

"அப்ப காபி மிச்சம்" என்று சிரித்தார்.

அன்றிலிருந்து ஞாயிறுதோறும் சிறையிலிருந்து வேதவல்லி அக்கா எங்கள் கூடத்துக்கு ஒளி உருவமாக வந்தார். என் ரசத்தை நிறம் பார்த்தே கேலி செய்வார். தாரிகா தவழ்ந்தது அவர் கண் முன்னால்தான். குழந்தையைக் கண்டதும் அவர் கைகள் தானாக நீளும். ஏதோ கேட்க வாயெடுப்பார், உடனே பேச்சை மாற்றிவிடுவார். நடக்கத் தொடங்கிய தாரிகாவுக்கோ பெரியம்மாவுக்குள் புகுந்து ஓடுவதே விளையாட்டு.

நேற்று அக்காவுக்கு விடுதலை. இன்று காலை ஆரஞ்சுப் பழங்களோடு நிஜமாகவே எங்கள் வாசலில் நின்றார்.

"பெரிம்மா!" தாரிகா வழக்கம்போல் நேராக ஓடினாள். அவர் காலில் மோதித் தொப்பென்று உட்கார்ந்தாள். அழப்போகிறாள் என்று நான் பதறினேன். அவளோ அந்தக் காலைத் தட்டிப் பார்த்தாள், புடவையை இழுத்துப் பார்த்தாள்.

"பெரிம்மா கெட்டி!" என்று கைகொட்டிச் சிரித்தாள்.

தனபாலனும் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா மட்டும் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"என்னக்கா?"

"ஜெயில்ல இருந்து வந்த கை, கண்ணு. உனக்குப் பரவாயில்லைன்னா, இவளை ஒரு தடவை தூக்கிக்கட்டுமா?"