சிரிப்பு முகம்

தன்னார்வலர்கள் சேர்ந்து எழுதிய தமிழ்ப் பிழைதிருத்தி மென்பொருள் பழைய தளத்திலிருந்து புதிய தளத்துக்குக் குடிபெயர்ந்தது. மாற்றும் வேலை முழுவதும் சுகிர்தாவுடையது. பழைய விவாதங்களை என்ன செய்வது என்று தலைவர் இளம்பரிதியிடம் கேட்டாள்.

“வீடு மாறுறப்ப குப்பையையுமா லாரியில ஏத்துவாங்க? பூட்டிட்டு வந்துரும்மா.”

பூட்டினாள். இனி அங்கே எதையும் படிக்கலாம், மாற்ற முடியாது. புதிய தளத்தில் உறுப்பினர்களுக்கான நடத்தை விதிகளை ஏற்றியதும், தேவையான கோப்புகள் எல்லாம் இருக்கின்றனவா என்று காட்டும் ‘சமூக நலம்’ பட்டை பச்சையாகி நூறு சதவீதம் காட்டியது.

“புகார் வாங்குற ஆளா உன் பேரையே போட்டுரு. பொண்ணு பேர் இருந்தா ஒரு நம்பிக்கை வரும்ல” என்றார் இளம்பரிதி.

தன் பெயரை எழுதும்போது சுகிர்தாவுக்குக் கை நின்றது. பழைய தளத்தைத் திறந்தாள். அப்போது புதிதாக நிரல் எழுத வந்திருந்த ரஹ்மத் நிஷாவின் ஆறு வருடத்துக்கு முந்தைய புகார் அங்கேயே இருந்தது: ‘என் நிரலில் தப்பு இருந்தால் சொல்லுங்கள். என்னைக் கேலி செய்யாதீர்கள்.’ கீழே இளம்பரிதியின் பதில்: ‘அழுகாச்சிய நிறுத்துற நிரல் நம்மகிட்ட இல்லம்மா.’ அதற்கும் கீழே ஒரே ஒரு சிரிப்பு முகம். பிறகு நிஷா எதுவும் எழுதவில்லை.

அந்த முகம் யாருடையது என்று சுகிர்தா பார்க்கத் தேவையில்லை. அன்று சுகிர்தாவும் புதியவள். கேலி தன் பக்கம் திரும்பாத நிம்மதியில் அவள் போட்ட சிரிப்பு அது.

நீக்குவதற்காக அதை அழுத்தினாள். அசையவில்லை. பூட்ட அவளுக்கு அனுமதி இருந்தது; திறக்கும் அனுமதி தலைவர் இளம்பரிதிக்கு மட்டும்தான். கைபேசியை எடுத்தாள். என்ன சொல்லிக் கேட்பது? திரையில் அவளுடைய மஞ்சள் முகம் கண்ணில் நீர் தளும்பச் சிரித்துக்கொண்டிருந்தது.