பக்கவாட்டு வெளிச்சம்

"யோவ் ஏசுதாஸு, என் தங்கச்சிய போட்டோ புடிக்கச் சொன்னா, பேயப் புடிச்சி வெச்சிக்கீறியே!"

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் இருந்த ஸ்டூடியோவில் பார்த்திபன் போட்ட சத்தத்துக்கு, பாஸ்போர்ட் போட்டோவுக்காகத் தலை வாரிக்கொண்டிருந்தவர் சீப்பைக் கீழே வைத்துவிட்டார்.

கோபம் வராதா பின்னே? நாளை மறுநாள் திருப்போரூரில் அவன் கட்டிய புது வீட்டுக்குக் கிரகப்பிரவேசம். கூடத்துச் சுவரில் மாட்டுவதற்காக, தங்கை ஜெயப்பிரியாவையும் மாப்பிள்ளையையும் இங்கே அனுப்பியிருந்தான். ஜோடியாக ஒன்று, தங்கை தனியாக ஒன்று. மாப்பிள்ளை இவனே அலைந்து திரிந்து பிடித்த இடம். வருகிற சொந்தபந்தமெல்லாம் பார்த்து வயிறெரிய வேண்டாமா?

தங்கைக்குத்தான் அந்த அருமை தெரியவில்லை. போன மாதம்கூட அழுதுகொண்டு வந்து நின்றாள், அடிக்கிறான் என்று. "எங்க அடிச்சாரு, காட்டு" என்று டியூப்லைட்டுக்குக் கீழே நிற்க வைத்துப் பார்த்தான். ஒன்றும் தெரியவில்லை. "நல்ல மனுஷன் மேல பழி போடாத" என்று திட்டி, சாயங்காலமே பஸ் ஏற்றிவிட்டான்.

இரண்டு படங்களையும் மேஜைமேல் விசிறியடித்தான்.

"ஜோடிப் படத்துல எம்மாம் லட்சணமா கீறா! தனிப் படத்த பாரு. பாதி மூஞ்சி இருட்டு. கன்னம் உப்பிகினு கீது. அது மேல கோடு கோடா வேற! பிலிம் கழுவத் தெரியலன்னா கடைய மூடிட்டுப் போவறதுதான?"

"பிலிம் கோளாறு இல்ல சார்" என்றார் ஏசுதாஸ். "கழுவுறப்ப கீறல் விழுந்தா படம் பூரா விழும். இது கன்னத்துல மட்டும்தான் இருக்கு."

"அப்ப ஜோடிப் படத்துல எங்க போச்சி? அதே நாளு, அதே பொடவ, அதே பவுடரு!"

"அதுக்கு ரெண்டு விளக்கையும் நேரா மூஞ்சில அடிச்சேன் சார். பளிச்சுன்னு வேணும்னு உங்க மாப்பிள்ளை சொன்னாரு. நேர் வெளிச்சத்துல மேடு பள்ளம் ஒண்ணும் தெரியாது. தனிப் படத்துக்கு ஒரே விளக்கு. அதையும் பக்கவாட்டுல வெச்சேன். அப்படி அடிச்சா சின்னத் தடிப்புக்கும் நெழல் விழும்."

"ஓகோ! எல்லாம் தெரிஞ்சேதான் பண்ணிக்கீற?"

பார்த்திபனின் கை பாய்ந்து ஏசுதாஸின் சட்டைக் காலரைப் பற்றியது. தலை வாரியவர் நடுவில் வந்து விலக்கப் பார்த்தார். அவன் விடுகிற மாதிரி இல்லை.

"என் தங்கச்சிய இப்படி அலங்கோலமா காட்டச் சொல்லி எவன்யா உனுக்கு சொன்னது? பேரச் சொல்லு, இன்னிக்கி அவனா நானான்னு பாத்துடறேன்!"

ஏசுதாஸ் திமிறவில்லை. தனிப் படத்தை எடுத்து, காலரைப் பிடித்திருந்த அந்தக் கைக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். கன்னத்தில் நாலு கோடு. காலரில் நாலு விரல்.

பார்த்திபன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தான். பிடி தானாகத் தளர்ந்தது.

"யாரு... யாரு சொன்னது?" என்றான். இப்போது குரலில் சத்தமே இல்லை.

"உங்க தங்கச்சிதான் சார். மாப்பிள்ளை சிகரெட் புடிக்க வெளிய போன நேரத்துல, கன்னத்தத் தொட்டுக் காட்டி, 'இது தெரியற மாதிரி வெளிச்சம் வெக்க முடியுமாண்ணா'ன்னு கேட்டாங்க. எதுக்கும்மான்னேன். 'நான் வாயால சொன்னா எங்க அண்ணன் நம்ப மாட்டேங்குது. புது வூட்டுச் செவுத்துல மாட்டி தெனமும் பாக்கட்டும்'னாங்க."