ஓவனுக்குள் வந்த இட்லிமாவு

மாவில் உப்புப் போட்டுக் கையாலேயே கலக்கிய செல்வராணி, பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, அதன் உள்விளக்கை மட்டும் போட்டுவிட்டுப் போனாள். வெளியே பனி கொட்டியது.

"நீ எந்த ஊரும்மா?" என்று கேட்டது ஓவன்.

"அரிசியும் உளுந்தும் அந்த ஊரு, தண்ணி இந்த ஊரு. நான் இந்த வீட்டு மிக்சியில பொறந்தவ அண்ணே," என்றது மாவு.

"இங்க உனக்கென்ன வேலை?"

"சாயங்காலத்துக்குள்ள பொங்கணும். இல்லேன்னா என்னைக் கொட்டிருவாங்க."

"அடப் பாவமே! கொஞ்சம் சூடு ஏத்தட்டுமா?"

"ஐயையோ, வெந்து போயிருவேன்! அந்தக் குட்டி விளக்கே போதும்."

ரொட்டி சுட்டே பழகிய ஓவனுக்குச் சும்மா இருப்பது பெரும்பாடாக இருந்தது. ஆனாலும் பொறுத்துக்கொண்டு, பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானம் தாண்டி மூடி மெல்ல அசைந்தது.

"என்னம்மா சத்தம்?"

"நான்தான் அண்ணே! உங்க ஊர்க் குளிர்லயும் எனக்குப் பொங்க..."

"அம்மா, மாவு வழியுது, ஓடி வா!" என்று ஓவன் கதவைத் திறந்து கத்தினாள் செல்வராணியின் மகள்.