படிச்சது நாப்பது பேர்

“போன மாசம் நம்ம தமிழ்ப் பக்கத்தைப் படிச்சது நாப்பதே பேருங்க, மேடம்.”

கதிரேசன் லேப்டாப்பை மேனேஜர் நந்திதா பக்கம் திருப்பினான். கோயமுத்தூரில் சொட்டுநீர்க் குழாய் விற்கிற கம்பெனி அது. இணையதளத்துக்கு வருகிறவர்களை எண்ணிக் காட்டும் ஷீட்டில் ஃபார்முலா எழுதி வைத்தவன் அவன்தான்.

“நாப்பது பேருக்காக ஒரு ஆளுக்குச் சம்பளமா?” என்றாள் நந்திதா.

அந்தப் பக்கத்தை எழுதுகிற அன்புக்கரசி எழுந்தே விட்டாள். “ஏனுங்ண்ணா, தாராபுரம், அந்தியூர்ல இருந்தெல்லாம் படிச்சுப்போட்டுத் தெனமும் போன் பண்றாங்களே!”

“போன்ல பேசறதை வெச்சு என்ன பண்றது அம்மணி? ஷீட்டு சொல்றதுதான் கணக்கு” என்றான் கதிரேசன்.

அந்த மாதத்தோடு அவள் வேலை போனது.

மூன்று வாரம் கழித்து, வேறெதையோ திருத்தப் போனவன் கண்ணில் ஃபார்முலாவின் ஒரு வரி பட்டது. கோயமுத்தூர் ஆட்களைச் சேர்க்காதே என்ற வரி. ஆபீஸ்காரர்கள் திறந்து பார்ப்பது எண்ணிக்கையில் வரக் கூடாதென்று அவனே போட்டது. சுற்றுப்பட்டு விவசாயிகள் செல்போனில் திறந்தால், அநேகமாக அதுவும் கோயமுத்தூர் என்றே பதிவாகும். வரியைப் போட்டபோது அது அவனுக்கு உறைக்கவில்லை.

வரியை எடுத்துவிட்டுப் பார்த்தான். நாலாயிரத்துச் சொச்சம் பேர்.

மனசு கேட்காமல் அவளுக்குப் போன் போட்டான். “தப்பு என்னோடது அம்மணி. மன்னிச்சுக்க.”

உக்கடத்தில் துணிக்கடை வேலைக்குச் சேர்ந்திருந்தவள் கையிலிருந்த சேலையை மடித்து வைத்தாள்.

“செரிங்ண்ணா. மேடத்துகிட்டச் சொல்லிப்போட்டீங்களா?”

அவளைக் கூப்பிடுவதற்கு முன்பே, ஷீட்டில் மறுபடி நாற்பதே தெரியும்படி அந்த வரியைப் பழையபடி போட்டு வைத்திருந்தான் கதிரேசன்.