ஒரு விரல் இடைவெளி

"தலையை ஆட்டும்மா. இன்னும் வேகமா."

மேரன் ஆட்டினாள். தலைக்கவசம் அசையவில்லை; நெற்றித் தோல்தான் அதோடு சேர்ந்து நகர்ந்தது. அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனாலும் மர்டாக் தாடைப் பட்டையை அவிழ்த்து, மறுபடி மாட்டி, ஒரு விரலை உள்ளே விட்டுப் பார்த்தார். இது நான்காவது முறை.

"அப்பா, போதும். மூச்சு முட்டுது."

"விழுந்தா தெரியும் அருமை."

மர்டாக் ஆறு வருடமாக ஐஸ் ஹாக்கி கோச். அந்த ஊரில் பாதிப் பிள்ளைகளுக்குக் கவசம் மாட்டிவிட்ட கை அவருடையது. 'வளர்ற பிள்ளைதானே' என்று இரண்டு அளவு பெரிதாக வாங்கிவரும் பெற்றோரை வாசலிலேயே ஏசித் திருப்பி அனுப்புவார். இன்று சொந்த மகளுக்கு மாட்டும்போது எத்தனை முறை சரிபார்த்தாலும் அவருக்குத் திருப்தி வரவில்லை.

அவருடைய அணிப் பையன்கள் பெரிய அறையில் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பெண் பிள்ளைக்குத் தனி அறை. துடைப்பமும் வாளியும் வைக்கிற இடத்தைத்தான் அங்கே அப்படிச் சொல்கிறார்கள்.

எழுந்தார். கதவுவரை போனார். பனித்தளத்தைச் சமப்படுத்தும் வண்டி கடைசிச் சுற்றில் இருந்தது. ஆட்டத்துக்கு இன்னும் பத்து நிமிடம். திரும்பி வந்து முழங்கால் காப்பைத் தட்டிப் பார்த்தார்.

"பேசாம உடம்பு சரியில்லன்னு சொல்லிடேன்."

"கோல்பி விட்டுட்டுப் போனதாலதானே என்னைக் கூப்பிட்டாங்க? வேற யாரு இருக்கா?"

மர்டாக் குனிந்து அவளுடைய ஸ்கேட் காலணியின் கயிற்றை இழுத்துக் கட்டத் தொடங்கினார்.

"போன சனிக்கிழமை காருங்க நிக்கிற இடத்துல நின்னு அழுதான்ப்பா. பதினஞ்சு வயசுப் பையன். இனிமே பனியில காலே வைக்க மாட்டேன்னுட்டான்."

"மனசுல வச்சுக்கிட்டான் போல."

"அத்தனை பேர் முன்னாடி, 'வீட்டுக்குப் போடா முட்டாள்'னு கத்தினா யாரு வச்சுக்க மாட்டா? அந்த ஆள் இன்னைக்கும் வருவாருல்ல?"

கயிறு கையிலிருந்து நழுவியது.

"வருவாரு."

"பயமா இருக்குப்பா. விழறதை நினைச்சு இல்ல. அந்த ஆளை நினைச்சுத்தான்."

அடிபடாமல் இருக்கத் தலைமுதல் கால்வரை மாட்டிவிட்டார். இதற்கு எதை மாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

"கெட்டவர் இல்லம்மா. ஆட்டம்னு வந்துட்டா சில பேருக்குக் கண்ணு மண்ணு தெரியாது."

"இருக்கட்டும். அழுதது கோல்பிதானே?"

நழுவிய கயிற்றை மறுபடி எடுத்து முடிச்சுப் போட்டார். யாரோ கதவைத் தட்டினார்கள்.

"மர்டாக், பசங்க ரெடி. எங்கய்யா போயிட்ட?" உதவி கோச்சின் குரல்.

"வரேன், வரேன்." மகளின் பக்கம் திரும்பினார். "அந்த ஆள் இன்னைக்கு வாயே திறக்க மாட்டாரும்மா. நானாச்சு."

"நீங்க பொறுப்பா?"

"நான்தான் பொறுப்பு."

மேரன் எழுந்தாள். பையிலிருந்து கறுப்பு வெள்ளைக் கோடு போட்ட நடுவர் சட்டையை எடுத்து மாட்டி ஜிப்பை இழுத்துவிட்டு, விசிலை விரலில் கோத்துக்கொண்டாள்.

"அப்ப சரி, கோச். கோல்பிகிட்ட கத்தின மாதிரி இன்னைக்கு என்கிட்ட ஒரு வார்த்தை கத்தினாலும், முதல்ல உங்களைத்தான் வெளியே அனுப்புவேன்."