ஒன்று விடாமல்

என்டரைத் தட்டிவிட்டு நாற்காலியை விட்டே எழுந்துவிட்டான்.

திரையில் முதல் பச்சைக் குறி விழுந்தது. அடுத்தது. மூன்றாவது விழுந்தபோது அலுவலகத்தில் பாதிப் பேர் அவன் முதுகுக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

அச்சில் வார்த்தது போல இருபது சர்வர்கள். முதல் சர்வரில் எதை மாற்றினாலும் அதையே மற்றவற்றிலும் ஒவ்வொன்றாகக் கையால் மாற்ற வேண்டும். ஒரு வாரம் போய்விடும். எல்லோரும் 'குறுக்குவழி' என்று கிண்டல் செய்யும் அவன் அதற்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தான். சோம்பேறித்தனத்துக்காக இவ்வளவு உழைத்தவன் எவனும் இருக்க மாட்டான்.

ஸ்கிரிப்டே முதல் சர்வருக்குள் போய், இருப்பதையெல்லாம் ஒன்று விடாமல் வாரிக்கொண்டு வந்து மற்றவற்றில் இறக்கிவிடும். அவன் எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

எட்டிப் பார்க்க இன்று அவனுக்குத் தைரியமும் இல்லை.

இருபதும் பச்சை. யாரோ கைதட்டினார்கள். அவனுக்குத் தலைகால் புரியவில்லை.

எதிர் இருக்கைக்காரி மட்டும் தலை நிமிரவில்லை. நேற்று மாலை அவன் கேட்டதற்கு அவள் இன்னும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நேரில் போய்க் கேட்க அவனுக்கும் வாய் வரவில்லை.

மேலாளர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். ஏதாவது ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னார்.

பாஸ்வேர்டை அடித்து முடித்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

சர்வருக்குள் நுழைந்ததும் திரையின் உச்சியில் ஒரு வரவேற்பு வரி வரும். முதல் சர்வருக்குள் போகிறவர்கள் அவனும் அவளும் மட்டுமே. ஒரு வருடமாக அந்த வரியை மாற்றி மாற்றி எழுதித்தான் இருவரும் ஒருவரையொருவர் வம்புக்கு இழுத்துக்கொண்டிருந்தார்கள். நேற்று மாலை, கல்யாணம் பண்ணிக்கலாமா என்று அதில்தான் எழுதிவைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடியிருந்தான்.

ஸ்கிரிப்ட் அதையும் விட்டிருக்காது. இருபதிலும் இருக்கும்.

திரையை மறைக்கக் கையை நீட்டினான். மேலாளர் முந்திக்கொண்டு, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, உரக்கவே படித்தார்.

"பண்ணிக்கலாம். எங்க வீட்ல நான் பேசிக்கிறேன், உங்க வீட்ல நீ பேசு."

அடுத்த சர்வரைத் திறக்கச் சொன்னார். அதிலும் அதே. அதற்கு அடுத்ததிலும் அதே.

இதை எழுதியது யார் என்று கேட்டார்.

எதிர் இருக்கைக்காரி அப்போதும் தலை நிமிரவில்லை. கை மட்டும் மேலே போயிருந்தது.