நடுவில் ஒரு கறுப்பு

"இந்தக் கறுப்பை வெறும் மைன்னு நினைச்சிடாதீங்க தர்ஷனா. இது சூன்யம்!"

சிட்னியின் புறநகரான நார்த்மீடில், தன் வீட்டு ஹாலில் கிருஷ்ணசாமி கைகளை விரித்து நின்றார். சுவர் நிறைய மர அச்சுப் படங்கள். பலகையில் செதுக்கி, மை தடவி, ஜப்பானிய முறையில் தாளில் ஒற்றியெடுத்தவை. செதுக்கியவள் மனைவி மீனாம்பாள். கலைஞருக்கான கறுப்புக் குர்தா போட்டிருந்தவர் கிருஷ்ணசாமி.

தர்ஷனா சிட்னி கலைக்கூடம் ஒன்றிலிருந்து கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க வந்திருந்தாள். ஒன்றாவது தேறிவிட வேண்டும் என்று கிருஷ்ணசாமி முருகனுக்கு அர்ச்சனையே செய்திருந்தார்.

"முதல் படங்கள் வடிவான பூக்கள்தானே அங்கிள்?"

"அப்ப இவளுக்கு விவரம் பத்தல. மேற்கத்தியவனைப் பார்த்து ஜப்பான்காரன் உருவம் வரையறதை விட்டான். ஜப்பான்காரனைப் பார்த்து மேற்கத்தியவன் விட்டான். ரெண்டு பேரையும் பார்த்து இவ விட்டுட்டா! போன வருஷம் பூ நடுவுல ஒரு கறுப்புப் புள்ளி. இப்ப பாருங்க, இதழ் ஓரம் மட்டும்தான் மிச்சம். என்ன வளர்ச்சி!"

"அது சாமந்திங்க..." என்றாள் மீனாம்பாள்.

"சும்மா இரு. பூன்னு சொன்னா யாரும் எடுக்க மாட்டாங்க."

மீனாம்பாள் ஊற்றிய தேநீர் கோப்பையைத் தாண்டி மேசையில் வழிந்தது.

"கலைஞராச்சே, மனசு இங்க இல்ல" என்று கிருஷ்ணசாமி பெருமையோடு துடைத்தார்.

தர்ஷனா சிரிக்கவில்லை. "எனக்கு விருப்பம்தான். ஆனா இந்தக் கறுப்பு ஏனெண்டு அன்ரி தன்ர வாயால சொல்ல வேணும். இல்லாட்டி நாங்கள் எடுக்கிறேல்ல."

"அவளுக்குப் பேச வராதும்மா. எழுதிக்குங்க, சூன்யம் என்பது..."

"நான் அன்ரியைத்தான் கேட்டனான், அங்கிள்."

கிருஷ்ணசாமியின் முகம் சுருங்கியது. மனைவியின் காதருகே குனிந்தார். "கெடுத்துடாத மீனா. நான் சொன்னதையே சொல்லு."

மீனாம்பாள் அவர் குரல் வந்த பக்கம் தலையைச் சாய்த்து, ஓரக்கண்ணால் பார்த்தாள்.

"நான் எதையும் விடலம்மா. கண்ணுக்குத் தெரியறதைத்தான் செதுக்குறேன். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்கன்னா, கண்காட்சி முடியட்டும்கிறாரு" என்றாள். "இவர் முகமும் எனக்கு இப்படித்தான் தெரியுது."